புயலும் நிழற்படமும்: ஒரு வரலாற்று நோக்கு

காற்றுக்கு உருவமில்லை, உருவமுள்ளதை மட்டுமே பதிக்க வல்லது நிழற்படக் கருவி. ஆகவே புயலைப் படமெடுத்தவர் எவருமிலர் என்றே சொல்லலாம். புயல் முறித்த மரத்தையும், சாய்த்த சுவரையும், கரையேற்றிய கலத்தையுமே நாம் புயற்படம் என்று வழங்கி வருகிறோம். நள்ளிரவின் ஓலத்தையும், தாய் குழந்தையை இறுக்கி நின்ற அச்சத்தையும் கண்ணாடி வில்லை அறியாது. இக்குறையை நிரப்பும் பொருட்டே படத்தில் கைவைக்கும் வழக்கம் வளர்ந்தது. அது கலையா, பொய்யா என்னும் வழக்கு கணினி வந்த பின் தோன்றியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

குகட்பள்ளியில் வாழும் நமக்கு இவ்வழக்கு வெறும் ஏட்டு வழக்கன்று. நம் அண்டை வீட்டாருள் கிருஷ்ணா, குண்டூர் மாவட்டங்களினின்று குடிபெயர்ந்தோர் பலர். 1977 நவம்பர் 19 அன்று திவிசீமையில் நேர்ந்ததை அவர்கள் ‘உப்பெனா’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். நம் முன்னோர் ‘கடல்கோள்’ என்றார்களே, அதற்கு நிகரான சொல் அது. கடல் ஐந்து மீட்டர் அளவுக்கு எழுந்து, கிருஷ்ணையாற்று முகத்துத் தாழ்நிலத்தின் மீது ஏறிற்று. அவனிகட்டா, நாகாயலங்கா, கோடூரு வட்டாரங்களிலும் சுற்றுப்புறத்திலும் மாண்டோர் 10,000 பேருக்குக் குறையார். பின்னாட்களில் எடுக்கப்பட்ட கருப்பு வெள்ளைப் படங்களில் நாம் காண்பது நீர் தேங்கிய வயலும், மடிந்த கால்நடையும், கூரையற்ற வீடுகளுமே. அலை எழுந்த அந்த நேரம் அவற்றில் இல்லை. உப்பெனா என்ற சொல்லைக் கூறும்போது முதியவர் குரலில் ஏற்படும் மாற்றமும் அவற்றில் இல்லை.

இனி, ஐரோப்பாவில் நடந்ததைச் சிறிது காண்போம். தொடக்க காலத்துத் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்றன. கடலுக்குப் பொருந்த ஒளியளித்தால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். வானுக்குப் பொருந்த அளித்தால் கடல் கரியாகிவிடும். கொந்தளிக்கும் கடலையும் கருமுகிலையும் ஒரே தகட்டில் பிடிப்பது அரிதாயிற்று. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் இதற்கொரு வழி கண்டார். ஒரு நெகட்டிவில் வானையும் மற்றொன்றில் கடலையும் தனித்தனியே எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். 1857இல் அவர் ஆக்கிய ‘பேரலை’ என்னும் கடற்படத்தைக் கண்டோர் வியந்தனர். அந்த முகில்கள் அந்த அலையின்மேல் என்றும் நின்றதில்லை! ஆயினும் கடலோரத்தில் நின்றவனின் கண் கண்டதற்கு, இணைக்கப்படாத வெளிறிய படத்தைவிட அதுவே அணுக்கமாயிருந்தது. இதனைப் பொய் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

ஆங்கிலேயர் ஹென்றி பீச் ராபின்சன் 1858இல் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து, சாகும் தறுவாயிலுள்ள ஓர் இளம்பெண்ணையும் சூழ நின்ற சுற்றத்தாரையும் காட்டினார். ஓவியர்கள் இதனினும் துயர்மிக்க காட்சிகளைத் தீட்டியபோது வாளாவிருந்தோர், இத்துயரைப் படமெடுக்கலாகுமா என்று சினந்தனர். நிழற்படம் என்றால் நடந்தது என்று நம்பும் மனமே அச்சினத்திற்குக் காரணம்.

நம் நாட்டுப் படக்கூடங்களும் கைவைக்காதன அல்ல. நெகட்டிவில் பென்சிலால் திருத்துவதும், அச்சிட்ட படத்தின்மேல் வண்ணம் தீட்டுவதும் அவற்றின் அன்றாடத் தொழிலாக இருந்தன. தனித்தனியே எடுத்த கணவன் மனைவி படங்களை, ஒருவர் மறைந்த பின் ஒரே சட்டத்துள் சேர்த்துத் தரும் வழக்கத்தைத் தமிழகத்துச் சிற்றூர்களிலும் காணலாம். சேர்ந்து அமராதவரைச் சேர்த்து அமர்த்திய அப்படத்திற்கு மாலையிட்டு வணங்குகிறோம். ஏமாற்று என்று எவரும் குறை கூறியதில்லை. அது இன்னதென்று வீட்டார் அனைவரும் அறிவர்.

இலக்கியத்திலும் இதற்கு ஒப்பு உண்டு. மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியைச் சாத்தனார் தனியே கூறவில்லை. நாகநாட்டுப் பீலிவளை அனுப்பிய குழந்தை மரக்கலம் கவிழக் காணாமற்போகிறது. நெடுமுடிக்கிள்ளி மகனைத் தேடித் திரிந்து இந்திர விழாவை மறக்கிறான். அதனால் நேர்ந்த சாபத்தால் நகரைக் கடல் கொள்கிறது. ஒரு தந்தையின் இழப்பையும் ஒரு நகரின் இழப்பையும் தொடுவானக் கோட்டில் பொருத்தி அச்சிட்டவர் சாத்தனார். எந்தப் புலவரும் பேரழிவை எண்ணிக்கையால் உணர்த்தியதில்லை.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை நெருங்கிய பாம்பன் பயணி ரயிலை அலை விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதிலிருந்தனர். எந்தக் கருவியும் அதைக் காணவில்லை. இன்று நமக்குக் கிட்டுவன தேவாலயத்தின் இடிசுவரும் நிலையத்தின் எச்சமுமே. அவற்றைப் படமெடுப்போர் வானைக் கறுப்பேற்றி, மணலை வெளுப்பேற்றி அச்சிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கறுப்பு அவ்விரவுக்குச் செலுத்தும் கடன். ஆனால் அலை ரயிலின்மேல் எழுவதாக ஒரு படம் புனைந்து, இதுவே அன்று எடுத்தது என்று வழங்கினால், அது மாண்டவர் பெயரால் செய்யும் களவு.

அத்தகைய களவு இன்று எளிதாகிவிட்டது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாக்கியபின், படகில் அமர்ந்து நாய்க்குட்டியை அணைத்து அழும் சிறுமியின் படம் பல்லாயிரம் பேரை உருக்கியது. அப்படி ஒரு சிறுமி இல்லை. செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் அது. உண்மை வெளிப்பட்ட பின்னும், எங்கிருந்து வந்தால் என்ன, மக்கள் துயரை அது காட்டுகிறது என்று வாதிட்டோர் உண்டு. லெ கிரேயின் வாதம்தானே இது என்று ஒருவர் கேட்கலாம். லெ கிரே தம் படத்தைக் காட்டி எவரிடமும் துயர்நீக்க நிதி கேட்கவில்லை. எந்த அரசையும் பழிக்கவில்லை. புனைந்த சிறுமிக்காக ஒருமுறை அழுது ஏமாந்தவன், அடுத்து வரும் மெய்யான சிறுமியின் படத்தையும் ஐயத்தோடே நோக்குவான்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சாய்ந்த தென்னைகளின் படங்கள் வந்தன. அவற்றில் அலையில்லை, அழும் முகமும் பெரிதாக இல்லை. ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்த மரங்கள் மட்டுமே. நகரத்தார் ஒரு நொடி பார்த்துப் பக்கத்தைப் புரட்டினர். நெட்டைத் தென்னை நட்டு ஐந்தாறு ஆண்டுகளேனும் கழிந்தே காய்க்கும் என்பது தெரிந்த உழவன் மட்டும் அப்படத்தை நெடுநேரம் பார்த்திருப்பான்.