பெட்டியடியில் தங்கிய ரூபாய்

பழைய ரூபாய்த் தாள் சேர்ப்பவன் என்று தெரிந்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது இப்ப என்ன விலை போகும்?" ஓய்வூதியர் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். நான் பேசி முடிப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து இரண்டு மூன்று தாள்கள் வெளியே வந்துவிடும். விலையைச் சொல்வது வியாபாரியின் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் எழுத்தராக இருந்தவன் நான். மேசைக்கு ஒரு காகிதம் வந்தால் முதலில் பார்ப்பது எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில், யார் கையெழுத்து என்பதைத்தான். ஆபீசில் 'நோட்டு' என்றாலே பைலில் எழுதுவதுதானே! பணநோட்டையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன்.

நம் புதுச்சேரித் தாள்கள் அப்படிப் பார்ப்பதற்குத் தோதானவை. பிரெஞ்சுக்காரர்கள் ஆணையின் தேதியையே தாளில் அச்சடித்துவிடுவார்கள். பாங்க் த லெந்தோஷின், அதாவது இந்தோசீன வங்கி, 1875 ஜனவரி 21 தேதியிட்ட ஆணையால் பாரிசில் தொடங்கப்பட்டது. பங்குதாரர்கள் உள்ள தனியார் வங்கிதான். ஆனால் சைகோனுக்கும் புதுச்சேரிக்கும் பணம் அச்சடிக்கும் உரிமை அதனிடம் இருந்தது. நம் ஊர்க் கிளை 1877-ல் திறந்தது. 10 ரூபாயும் 50 ரூபாயும் 1898 வாக்கில் வந்தன. ஒரு ரூபாய்த் தாள் முதல் உலகப் போருக்குப் பிறகும், 5 ரூபாய் 1937-லும் வந்தன. தாளில் 'ரூப்பி' என்று பிரெஞ்சில் இருக்கும். ஒரு ரூப்பிக்கு 8 ஃபனோன். ஃபனோன் வேறொன்றுமில்லை, நம் 'பணம்' என்ற சொல்தான் பிரெஞ்சுக்காரன் வாயில் அப்படி ஆயிற்று. பிரெஞ்சில் பள்ளிப்பாடம் படித்த எனக்கே இது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு ரூபாய்க்குப் போய் ஏன் காகிதம்? இதற்குப் பதில் வெள்ளியில் இருக்கிறது. புதுச்சேரியில் தாள் பிரெஞ்சு வங்கியுடையது என்றாலும், கையில் புழங்கிய வெள்ளி ரூபாயும் அணாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் நாணயங்களே. அந்த ரூபாயில் பத்தரை கிராமுக்குச் சற்று மேல் சுத்த வெள்ளி இருந்தது. போர்க்காலத்தில் வெள்ளி விலை ஏறியபோது, ரூபாயைச் செலவழிப்பதைவிட உருக்குவது லாபம் என்ற நிலை வந்துவிட்டது. ஜனங்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள். 1917 நவம்பர் 30 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு முதல் ஒரு ரூபாய்த் தாளை வெளியிட்டது. காகிதத்தை நம்பாதவர்களுக்காகவோ என்னவோ, அதில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயின் படத்தையே அச்சடித்திருந்தார்கள். 25 தாள் சேர்த்துத் தைத்த புத்தகமாகவும் அது வந்தது, செக் புத்தகம் மாதிரி. அடுத்த ஜனவரியில் இரண்டரை ரூபாய்க்கும் ஒரு தாள் வந்தது. அப்படியும் போதவில்லை. 1918-ல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி, சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்றது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளி இல்லையென்றால் இந்தப் பக்கமும் இல்லை. 1919 தேதியிட்ட நம் ஒரு ரூப்பித் தாள் அப்படிப் பிறந்ததுதான்.

50 ரூபாய்த் தாள் என்னிடம் இல்லை. அதை வாங்குமளவுக்கு ஓய்வூதியமும் இல்லை. படமாகப் பார்த்திருக்கிறேன். 1930-களில் வந்த அந்தத் தாளில் துய்ப்ளேக்சின் உருவம் இருக்கும். ரிசர்வ் வங்கி 1938-ல் தன் முதல் தாளில் ஆறாம் ஜார்ஜைப் போட்டது. இங்கே கடற்கரையில் சிலையாக நிற்பவரையே தாளிலும் நிறுத்தினார்கள். என்னைக் கேட்டால் ஆனந்தரங்கப் பிள்ளையைப் போட்டிருக்கலாம். அந்தக் கவர்னரின் வரவு செலவை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

என்னிடம் உள்ளவற்றில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது 5 ரூபாய்த் தாளைத்தான். கிழிசல் உண்டு, மடிப்பும் உண்டு. அதில் பொது இயக்குநர் என்ற பதவிப் பெயரின் கீழ் போல் போதுவேன் என்பவரின் கையெழுத்து இருக்கிறது. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தபோது, மார்ஷல் பெத்தேன் அமைத்த அரசில் வெளியுறவு மந்திரி ஆனவர் இவர்தான். அதே ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் லூயி பொன்வேன் பெத்தேனை விட்டு தெகோல் பக்கம் சேர்ந்தார். அன்றைக்குப் போதுவேன் இன்னும் மந்திரி. நம் ஊர் தெகோலுக்கு வீரர்களை அனுப்பிக்கொண்டிருந்தபோது, குபேர் அங்காடியில் கத்தரிக்காய் வாங்கக் கொடுத்த தாளில் எதிர்க்கட்சி மந்திரியின் கையெழுத்து! (அங்காடிக்கு அப்போது அந்தப் பெயர் இல்லை, சொன்னால் புரியட்டும் என்று எழுதினேன்.) அதனால் யாரும் வாங்க மறுத்திருக்க மாட்டார்கள். கையெழுத்தை யார் படித்தார்கள்?

பிரெஞ்சு வங்கித் தாள்களில் வழக்கமாக ஒரு எச்சரிக்கை இருக்கும். தண்டனைச் சட்டம் 139-ஆம் பிரிவின்படி கள்ளத்தாள் அடிப்பவருக்குக் கடுந்தண்டனை, கட்டாய உழைப்பு என்று. போர் முடிந்து 1947-ல் உயர் நீதிமன்றம் போதுவேனுக்கு விதித்ததும் ஐந்து வருஷக் கட்டாய உழைப்புதான். இதைக் கூட்டத்தில் சொன்னால் சொல்தா குடும்பத்துப் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சொல்தா என்றதும் இன்னொன்று. நம் ஊர்ப் பெட்டிகளில் ரூப்பியைவிட பியாஸ்தர் தாள்களே அதிகம் கிடைக்கின்றன. சைகோனில் பட்டாளத்திலும் கஸ்டம்சிலும் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தவை. வங்கி அதே வங்கிதான், தாளின் பின்பக்கம் சீன எழுத்து. என் பெரியப்பா வைத்திருந்த சிலவற்றைச் சின்ன வயதில் விளையாட்டுப் பணமாகவே பயன்படுத்தினோம். 1953 மே மாதம் ஒரு பியாஸ்தரின் மதிப்பு 17 பிராங்கிலிருந்து 10 ஆக ஒரே நாளில் இறங்கியது. அந்த வயதில் எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. அதற்குப் பிறகு ரூப்பித் தாள்கள் போய் இந்தியத் தாள்கள் படிப்படியாக வந்தன. மாற்றிய தாள்கள் நம் கைக்கு வருவதில்லை. ஆகவே இன்று பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு தாளும் யாரோ ஒருவர் மாற்றாமல் விட்ட பணம். மறந்தார்களா, மறைத்தார்களா, செத்துப்போனார்களா என்பது தாளில் எழுதியிருப்பதில்லை.

ஒரு தாளுக்கு மட்டும் காரணம் தெரிந்தது. ஒரு கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில், எண்பது வயதுக்கு மேற்பட்ட அம்மா ஒருவர் வந்தார். "முசே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு ரூப்பித் தாள், நாலாக மடித்தது, மஞ்சள் கறை நன்றாக ஊறிப்போனது. மாமியார் தன் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது குலதெய்வத்துக்கு முடிந்துவைத்ததாம். சாமிப் பணத்தை யார் போய் வங்கியில் மாற்றுவார்கள்? அந்த மகன் பிழைத்து, இவரைக் கட்டி, பேரப்பிள்ளை பார்த்துப் போயும் சேர்ந்துவிட்டார். முடிச்சு அப்படியே நின்றது.

வியாபாரி பார்த்தால் கறைக்காகவே பாதி விலை குறைப்பான். எனக்கோ என் சேகரிப்பில் இருப்பதையெல்லாம் கொடுத்து அதை வாங்கலாம் போல இருந்தது. "செல்லாத தாளை உண்டியலில் போட்டு என்னம்மா பிரயோசனம்? இப்போதைய ரூபாய் ஒன்று போட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"நேர்ந்துகிட்டது இந்த ரூபாதான முசே" என்றவர், தாளை மறுபடி நாலாக மடித்து முடிந்துகொண்டு போனார். உண்டியலில் போட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து இஸ்திரி போடாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். மலிவான பிளாஸ்டிக் உறையில் வைத்தால் சில வருஷத்தில் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். நல்ல காகித உறை போதும். யார் பெட்டியில் இருந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, ஏன் மாற்றவில்லை என்று தெரிந்தவரை எழுதிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், தாளின் மேல் அல்ல, உறையின் மேல்.