இஞ்சின் அறையிலிருந்து பேசாலைக் கடலுக்கு

சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் துரைமாரை எழுதினர், கங்காணிமாரை எழுதினர், தொழிற்சங்கத் தலைவர்களையும் எழுதினர். ஸ்டோரின் பின்கட்டிலே எண்ணெய் படிந்த காற்சட்டையோடு நின்ற இஞ்சின் டிரைவரை எழுதியவர் அரிது. அவர்களில் ஒருவரை நான் கண்டது மலையில் அல்ல, மன்னார்க் கடற்கரையில்.

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்றே அழைப்பர். அங்கே கூரையை ஒட்டி நீண்டதொரு இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து இறங்கும் வார்ப்பட்டைகள் கொழுந்து உருட்டும் ரோலர்களை இயக்கும். நீர்வலு கிட்டாத தோட்டங்களில் அத்தண்டைச் சுழற்றியது மெதுவாக ஓடும் கனத்த டீசல் இஞ்சின். தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் அதன் சிலிண்டரைச் சுற்றி ஓடி, சூடேறி, ஒரு குழாய் வழியே வெளியேறும். இஞ்சின் டிரைவர் அவ்வப்போது வந்து அந்தக் குழாயைத் தொட்டுப் பார்ப்பார். கை தாங்காவிட்டால் வால்வைச் சற்றுத் திறப்பார். குழாய் குளிர்ந்திருந்தால் சற்று மூடுவார். என் தந்தையார் தோட்டத்துக் கிளாக்கராக இருந்தமையால், சிறுவயதில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கைதான் அந்த இஞ்சினின் தெர்மோஸ்டாட் என்பது அன்று எனக்குத் தெரியாது.

தெர்மோஸ்டாட் என்ற பெயரை ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் அன்ட்ரூ யூர் 1830இல் தமது காப்புரிமையில் பயன்படுத்தினார். அவர் கண்டது இரு உலோகங்களை ஒட்டிய பட்டை; சூடேறினால் அது வளையும். இன்று வாகனங்களிலும் படகுகளிலும் உள்ளது 1930களில் அமெரிக்காவில் சேர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய மெழுகு வகை. சின்னஞ்சிறு செப்புக் குப்பியில் அடைத்த மெழுகு குறித்த வெப்பநிலையில் உருகி விரிந்து, ஊசியைத் தள்ளி வழியைத் திறக்கும். குளிர்ந்தால் ஒரு சுருள்வில் அதை மூடிவிடும். இஞ்சின் டிரைவரின் கை செய்த வேலையைப் பெருவிரல் அளவுப் பொருள் ஏற்றுக்கொண்டது.

1977 ஓகஸ்ட் கலவரம் சப்ரகமுவத் தோட்டங்களைத் தாக்கியது. 1981 ஓகஸ்டில் மீண்டும் தாக்கியது. இம்முறை இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளின் லயங்கள் எரிந்தன. அவ்வேளை எனக்குப் பத்துப் பதினொரு வயது. தேயிலைச் செடிகளுக்கிடையே கழித்த இரவை இங்கே விரிக்கப் போவதில்லை. பிறகு லொறிகளில் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் போனவர்கள் பலர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டவர்கள் அவர்கள். கையில் கொண்டுபோகச் சொத்து ஏது? தொழில் தெரிந்தவர் தொழிலைக் கொண்டுபோனார்.

2002இன் போர்நிறுத்தத்துக்குப் பிறகு மீனவர் நிலைமை பற்றி எழுதப் பேசாலைக்குப் போனேன். கரையில் கிடந்த ஒரு படகின் டீசல் இஞ்சின் சூடேறி நின்றுவிட்டது என்றார்கள். குனிந்து வேலை செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் பக்கத்திலிருந்த பையனிடம், "அந்த ஸ்பேனரு எங்கடா போச்சு?" என்றார். குரலைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். அது கடற்கரைத் தமிழ் அல்ல, எங்கள் ஊர்த் தமிழ்.

"ஐயா, எந்தத் தோட்டம்?" என்றேன்.

"காவத்தப் பக்கம் தம்பி. எம்பத்தொண்ணுல வந்தது" என்றவர், வேலையை நிறுத்தவில்லை.

உப்பில் இறுகிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, இலேசாகத் தட்டி, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தே கழற்றினார். அவசரப்பட்டால் போல்ட் உள்ளே முறிந்துபோகும். மூடியைத் தூக்கியதும் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை! முன்பு யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை மெக்கானிக்குகள் பலரிடம் உண்டு. பெரியவருக்கு அதில் கோபமே வந்தது. இஞ்சின் வேண்டிய சூட்டை அடையாவிட்டால் எண்ணெய் முழுதாக எரியாது, கரி படியும், சிலிண்டர் சீக்கிரம் தேயும் என்றார். இந்த இஞ்சின் நின்றதற்குக் காரணம் வேறு: கேஸ்கட் ஓரத்தில் கிழிந்து தண்ணீர் கசிந்திருந்தது, நீர்வழியிலும் உப்பு அடைத்திருந்தது.

கடல்நீரே நேரடியாகச் சுற்றி ஓடும் இஞ்சின் அது. அத்தகையவற்றுக்கு ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். வாகனத்துக்குரிய 80 பாகைக்கு மேற்பட்டதைப் போட்டால் உப்புப் படிவு விரைந்து சேரும். புதிதை அவர் அப்படியே பூட்டவில்லை. கேத்தலில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது திறக்கும் கணத்தை வெப்பமானியில் பார்த்தார். பிறகு வெப்பமானியை ஒதுக்கிவிட்டுக் கேத்தலின் வெளிப்புறத்தைத் தாமே தொட்டும் பார்த்தார்!

கேஸ்கட்டுக்குக் கடையில் ஆள் அனுப்பவில்லை. போர்க்காலத்தில் உதிரிப்பாகம் எளிதில் கிடைத்ததில்லை. தாளிலிருந்து தாமே வெட்டப் பழகியிருந்தார். ஆனால் பழகிய இடம் பேசாலை அல்ல, ஸ்டோர். வார்ப்பிரும்பின்மேல் தாளை வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரங்களைத் தட்டினால் வடிவம் தானே வெட்டுப்படும். அலுமினியத்தில் அப்படித் தட்டக் கூடாது, விளிம்பு நசுங்கும். எனவே முகப்பில் மையெண்ணெய் தடவி, தாளைப் பெருவிரலால் அழுத்தி அச்செடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினார். அக்காலத் தாள்களில் கல்நார் இருந்தது. அந்தத் தூசியை எத்தனை இஞ்சின் டிரைவர்மார் சுவாசித்தனரோ!

பழைய கேஸ்கட்டின் எச்சத்தைக் கீறல் விழாமல் சுரண்டி, புதிதைப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறுகச்சிறுக முறுக்கினார். இஞ்சின் ஓடியது. படகின் பக்கக் குழாயிலிருந்து முதலில் தண்ணீர் துளித்துளியாகவே வந்தது. சற்று நேரத்தில் சீராகக் கொட்டியது. அவர் கையை அதில் நீட்டிப் பிடித்திருந்தார்.

"சான்றிதழ் ஏதும் இருக்கிறதா ஐயா?" என்று கேட்டேன். செய்திக்காரப் புத்தி.

"எந்தத் தொரை தம்பி எழுதிக் குடுத்தான்?"

விடைபெறும்போது ஒன்று கேட்டார்: தம்முடைய ஸ்டோரில் அந்த இஞ்சின் இருக்கிறதா, வெளிக்குழாய் வால்வின் பித்தளைச் சக்கரம் இருக்கிறதா என்று. அடுத்த ஆண்டு காவத்தைக்குப் போனபோது பார்த்தேன். மின்சாரம் வந்ததும் இஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார்கள். சீமெந்து மேடையில் நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் வெற்றுத் தேயிலைச் சாக்குகள் அடுக்கப்பட்டிருந்தன. சுவரோரக் குழாயில் வால்வு மட்டும் இருந்தது. பித்தளைச் சக்கரம் இல்லை.