நெல் விலையும் நில ஈடும்: கீழ்ப் பர்மாவில் 1930ஆம் ஆண்டுகளின் கடன் நெருக்கடியும் நகரத்தார் வட்டித் தொழிலும்

ஆய்வுச் சுருக்கம்

1930க்கும் 1938க்கும் இடையில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலப்பரப்பு நான்கு மடங்குக்கு மேல் பெருகியது. இது திட்டமிட்ட நிலப்பறிப்பு என்பது ஒரு விளக்கம். உலகப் பொருளாதார மந்தத்தால் நேர்ந்த தற்செயல் என்பது மற்றொன்று. இரண்டும் போதாதவை. ஈடாக வைக்கப்பட்ட சொத்தின் விலை சரிந்தபோது, அந்த இழப்பைக் கணக்கிட்டுப் பகிர்வதற்கு எந்த அமைப்பும் இல்லாமற்போனதே கடன் சிக்கலை இனச் சிக்கலாக மாற்றியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: கீழ்ப் பர்மா, நகரத்தார், அடைமானம், நெல் விலை, கடன் நெருக்கடி, செட்டிநாடு.

முன்னுரை

பர்மாவில் நகரத்தார் வட்டித் தொழில் பற்றிய விவாதம் எதுவாயினும் இரண்டு எண்களைத் தொடாமல் செல்வதில்லை. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930ஆம் ஆண்டு அவர்கள் வசமிருந்த நிலம் மொத்தத்தில் 6 விழுக்காடு. 1938இல் அது 25 விழுக்காடு. ஏக்கர்க் கணக்கில் சொன்னால், 5 இலட்சத்து 70 ஆயிரம் என்பது 24 இலட்சத்து 68 ஆயிரமாயிற்று. எட்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் நெற்களஞ்சியத்தில் காற்பகுதி, அந்நாட்டில் பயிரிடாத, பெரும்பாலும் அங்குக் குடும்பத்தோடு வாழாத ஒரு வணிகச் சமூகத்தின் பெயருக்கு மாறியது.

இந்த மாற்றத்தைப் பர்மிய தேசியவாத வரலாறு ஒருவிதமாகவும் தமிழ்ப் பக்கத்து நினைவுகள் வேறுவிதமாகவும் கூறிவந்துள்ளன. முன்னதில் வட்டிக்காரர் நிலத்தின்மீது கண்வைத்தே கடன் கொடுத்தவர். பின்னதில் அவர் சதுப்பு நிலத்தைக் கழனியாக்க முதல் தந்து, இறுதியில் எல்லாம் இழந்து திரும்பியவர். இரண்டு கூற்றிலும் உண்மையின் கூறுகள் உள்ளன. ஆயினும் இரண்டும் விளைவைக் கொண்டு நோக்கத்தை ஊகிக்கின்றன. இடையில் நிகழ்ந்த நிதி நெருக்கடியின் இயக்கம் இவற்றில் விடுபட்டுப்போகிறது.

கடன் வந்த வழி

1852இல் கீழ்ப் பர்மா பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்டபோது அங்கு நெல் விளைந்த பரப்பு பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930 அளவில் அது எண்பது இலட்சத்தைக் கடந்திருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐரோப்பியச் சந்தையின் அரிசித் தேவையும், மேல் பர்மாவிலிருந்து ஐராவதி வடிநிலத்துக்கு வந்து குடியேறிய உழவர்களின் உழைப்பும் இதற்குக் காரணங்கள். காடு வெட்டிச் சதுப்பைத் திருத்தி முதல் அறுவடை காணும்வரை உழவருக்குச் சாப்பாடு, மாடு, விதை, அறுவடைக் கூலி ஆகிய அனைத்துக்கும் ரொக்கம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் துறைமுகத்தையும் அரிசி ஆலைகளையும் தாண்டி உள்ளே வரவில்லை. உள்ளே சென்றவர்கள் நகரத்தார்.

காலனியச் சட்டம் இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. 1876ஆம் ஆண்டின் நில, வருவாய்ச் சட்டப்படி, ஒரு நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வரி கட்டி அனுபவித்தவர் அதன் நிலையான உரிமையாளராவார்; அவ்வுரிமையை விற்கலாம், அடைமானம் வைக்கலாம். ஆக, நிலம் என்பது விளைவிக்கும் இடமாக மட்டுமன்றி ஈடுகாட்டும் பத்திரமாகவும் ஆயிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் வீடுகள் அடைந்த நிலைமாற்றமும் இதுவே. குடியிருக்கும் இடம் கடன் வாங்கும் கருவியாகும்போது அதன் விலையைத் தீர்மானிப்பது குடியிருப்பவரின் வருமானம் மட்டுமன்று, கடன் கொடுப்பவரின் துணிவும்தான்.

பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929–30இல் மேற்கொண்ட ஆய்வு, நகரத்தார் நிறுவனங்கள் ஏறத்தாழ 1,650 என்றும், அவற்றின் மொத்த முதலீடு 75 கோடி ரூபாய் அளவினது என்றும் மதிப்பிட்டது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேளாண்மையில் இருந்தது. பணத்தின் பெரும்பகுதி நிறுவன உரிமையாளர்களின் சொந்த முதல். மீதியில் உறவினர் வைத்த மேம்பணம், பெண்களின் சீதனத்திலிருந்து வந்த ஆச்சிமார் பணம், பிற நகரத்தார் கடைகளிலிருந்து பெற்ற தவணைக் கடன், ஐரோப்பிய வங்கிகளிடம் பெற்ற கடன் எனப் பல வகைகள் கலந்திருந்தன. இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். அந்த வட்டியே தேவகோட்டையிலிருந்து ஐராவதி வடிநிலத்தின் சிற்றூர் வரை நீண்ட ஒரு சங்கிலியின் முதற்கண்ணி.

இச்சங்கிலியில் ஆய்வாளர் பெரிதும் கவனிக்காத ஒரு பொருத்தமின்மை உண்டு. கடைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி குறுகிய காலத் தவணையில் வந்தது. கடையிலிருந்து போன பணமோ நிலத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கியது. உழவர் அறுவடைக்குப் பின் வட்டியைக் கட்டி முதலைப் புதுப்பித்துக்கொள்வது வழக்கமாயிற்று. விலை உயர்ந்துகொண்டிருந்த காலத்தில் இது எவருக்கும் இடராகத் தோன்றவில்லை. நிலவிலை ஏற, அதே நிலத்தின்மீது கூடுதல் கடன் கொடுக்க இடமுண்டாயிற்று. கூடுதல் கடன் கிடைத்ததால் நிலத்தை வாங்குவோர் பெருகினர். அதனால் நிலவிலை மேலும் ஏறிற்று. நகரத்தார் தந்த கடன் நிலவிலையின்மீது எழுப்பப்பட்டது என்பதோடு, நிலவிலையும் ஓரளவு நகரத்தார் கடனின்மீதே நின்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்பொறுப்பைத் தட்டிக்கழித்து எழுதப்படும் குலப்பெருமை வரலாறு முழுமையாகாது.

விலைச் சரிவு

நெருக்கடியின் அளவை உணர ஒரு சிறு கணக்கு போதும். ஓர் உழவர் 1,000 ரூபாயை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டிக்கு வாங்கியிருக்கிறார் எனக் கொள்வோம். ஆண்டு வட்டி 150 ரூபாய். நூறு கூடை நெல் 180 ரூபாய்க்கு விற்கும்போது, இவ்வட்டியைக் கட்ட அவர் 83 கூடைகள் விற்றால் போதும். அதே நூறு கூடை 75 ரூபாய்க்கு இறங்கிவிட்டால் 200 கூடைகள் விற்க வேண்டும். முதலில் ஒரு காசும் குறையாது. இவ்விரு விலைகளும், 1920களின் நடுவிலும் 1931இன் தொடக்கத்திலும் நிலவிய விலைகளை ஒட்டியவை. நிலவரியும் ரூபாயில் நிர்ணயிக்கப்பட்டது. விலை இறங்கியதற்கேற்ப அது தானே இறங்கவில்லை.

அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1933இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வியக்கத்துக்குப் பொது வடிவம் தந்தார். எல்லாக் கடனாளிகளும் ஒரே நேரத்தில் கடனைத் தீர்க்க முனையும்போது, அவர்கள் விற்பதனாலேயே விலைகள் மேலும் இறங்குகின்றன; கட்டக் கட்ட, கடனின் உண்மைச் சுமை கூடுகிறது. ஃபிஷரின் கண்முன் இருந்தது அமெரிக்கா. ஆயினும் அவருடைய கோட்பாட்டுக்கு ஐராவதி வடிநிலத்தைக் காட்டிலும் துலக்கமான சான்று கிடைப்பது அரிது. ஏனெனில் அங்கு ஒரே பயிர், ஒரே வகை ஈடு, பெரும்பாலும் ஒரே வகைக் கடன்தாரர்.

நாணயக் கொள்கையும் உதவவில்லை. 1931 செப்டம்பரில் பிரித்தானியா தங்க அடிப்படையைக் கைவிட்டபோது, இந்திய ரூபாய் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற அதே விகிதத்தில் ஸ்டெர்லிங்குடன் பிணைக்கப்பட்டது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். தன் நெல்லுக்கேற்ப நாணயத்தைத் தளர்த்தும் அதிகாரம் இரங்கூனுக்கு இருக்கவில்லை.

1930ஆம் ஆண்டு மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியத் தொழிலாளருக்கும் இடையே கலவரம் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் தாராவாடி மாவட்டத்தில் சயா சான் கிளர்ச்சி தொடங்கியது. இவையிரண்டையும் கடன் நெருக்கடியின் நேர்விளைவுகளாகக் காட்டுவது எளிது. ஆனால் அது சரியன்று. துறைமுகக் கலவரம் வேலை பற்றியது. கிளர்ச்சியில் வரிச்சுமைக்கும் மன்னராட்சி நினைவுகளுக்கும் பெரும் பங்குண்டு. எனினும் நெல் விலைச் சரிவு அக்கிளர்ச்சிக்கு ஊர்தோறும் ஆள்சேர்த்தது என்பதை மறுக்க இயலாது.

நிலம் கைமாறிய விதம்

வட்டிக்காரருக்கு நிலம் கிடைப்பது ஆதாயமா? தொழில் முறையை அறிந்தவர் தயங்கித்தான் விடை சொல்வர். பணம் சுழல்வதே இத்தொழிலின் உயிர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டு மூன்றாண்டுக் கணக்கில் பர்மா சென்று, கடையைப் பார்த்து, அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துத் திரும்புவார். பேரேட்டில் வசூலாகாத கடனும், விற்க முடியாத நிலமும் அவருடைய திறமைக் குறைவாகவே எண்ணப்படும். 1930க்கு முன் நகரத்தார் வசம் 6 விழுக்காடு நிலம் மட்டுமே இருந்ததும், அரை நூற்றாண்டுக்காலத் தொழிலுக்குப் பின் அந்நிலை இருந்ததும், நிலத்தைச் சேர்ப்பது அவர்களின் முதல் நோக்கமாக இருந்திருக்க இயலாது என்பதையே காட்டுகின்றன.

1930க்குப் பிறகு வேறு வழி அடைபட்டது. வட்டி நின்றது. தவணைக்குப் பணம் வைத்தவர் திரும்பக் கேட்டனர். வழக்காடியும், பல இடங்களில் உழவரே எழுதிக்கொடுத்ததன் பேரிலும் நிலம் கடைக்கு வந்தது. பெரும்பாலும் அது நின்ற முதலுக்கும் சேர்ந்த வட்டிக்கும் ஈடாக வந்தது. சந்தை விலை அதற்கு வெகுகீழே இருந்தது. ஐந்தொகையில் 'வரவேண்டிய கடன்' என்றிருந்தது 'நிலம்' என்று பெயர் மாறியது, இழப்பு எழுதப்படவில்லை. விற்றால் இழப்பு வெளிப்படும். விற்க முயன்றாலும், வாங்கக்கூடியவர் அனைவரும் ஒரே வேளையில் கடனாளியாயிருந்தமையால் ஆளில்லை. 2008க்குப் பின் பல நாட்டு வங்கிகள் விலை போகாத வீடுகளைக் கணக்கில் சுமந்து காத்திருந்ததை அறிந்தோருக்கு இது புதிய காட்சியன்று.

உழவர் பக்கத்தில் இக்கணக்கு வேறு. கடை இழந்தது பணம். அவர் இழந்தது நிலையுரிமை. நேற்றுவரை தன்னுடையதாயிருந்த வயலில் ஆண்டுக் குத்தகைக்கு உழைக்கலானார். அடுத்த ஆண்டு அதே வயல் கிடைக்கும் என்ற உறுதியில்லை. கடைக்காரர் விரும்பி ஏற்ற நிலக்கிழமையா, வேண்டாத சுமையா என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

இங்கு மற்றோர் எண்ணையும் கருதுதல் வேண்டும். 1938இல் அம்மாவட்டங்களில் உழவரல்லாதார் வசமிருந்த நிலத்தில் நகரத்தார் பங்கு ஏறத்தாழ பாதி. மறுபாதி, பர்மியர் உள்ளிட்ட பிற நிலக்கிழாருடையது. அரசியல் மேடைகளில் பேசப்பட்டதோ முதற்பாதி மட்டுமே. ஜே. எஸ். ஃபர்னிவால் இச்சமூகத்தைச் சந்தையில் மட்டும் சந்திக்கும் பல இனங்களின் தொகுப்பு என்று விளக்கினார். சந்தை முறிந்தபோது, சந்திப்பதற்கு வேறு இடமில்லாமற்போனது.

இல்லாத அமைப்பு

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்பது ஒப்பீட்டுக்கு உதவும். 1933 ஜூனில் அமைக்கப்பட்ட வீட்டுரிமையாளர் கடன் கழகம், தவணை கட்ட முடியாதவர்களின் வீட்டு அடைமானங்களில் ஏறத்தாழ பத்து இலட்சத்தைக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து அரசுப் பத்திரங்கள் தந்து வாங்கியது. நீண்ட காலத் தவணையில், குறைந்த வட்டியில், கடன்கள் திருத்தி எழுதப்பட்டன. கடன் கொடுத்தோர் பலர் தமக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். அக்கழகமும் சுமார் இரண்டு இலட்சம் வீடுகளைக் கையகப்படுத்த நேர்ந்தது. இனப் பாகுபாட்டுக் குறையும் அதன் மதிப்பீடுகளில் இருந்தது. ஆயினும் இழப்பு எவ்வளவு, அதை யார் எவ்வளவு ஏற்பது என்ற வினாவுக்கு ஒரு பொது அமைப்பு விடை தந்தது.

கீழ்ப் பர்மாவில் அவ்வினா கேட்கப்படவே இல்லை. கூட்டுறவுக் கடன் இயக்கம் மந்தத்துக்கு முன்னரே நொடிந்திருந்தது. டெல்லிக்கு இது ஒரு மாகாணச் சிக்கல். மாகாணத்துக்கோ நிதியாதாரம் இல்லை. பிரிவினைக்குப் பின் அமைந்த அரசு நில, வேளாண்மைக் குழுவை நியமித்தது. 1939இல் குத்தகைச் சட்டமும், 1941இல் நில உரிமை மாற்றச் சட்டமும் நிலக் கொள்முதல் சட்டமும் வந்தன. இவற்றுள் கடைசியாகச் சொன்னது, அரசே நிலத்தை விலைக்கு வாங்கி உழவருக்குத் தரும் வழியைத் திறந்தது. பத்தாண்டுகளுக்கு முன் வந்திருக்க வேண்டிய சட்டம் அது. சில மாதங்களில் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கிவிட்டது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது.

செட்டிநாட்டில் எதிரொலி

விளைவின் மறுமுனை சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் உள்ளது. பர்மாத் தேக்கில் எழுந்த செட்டிநாட்டு வளவுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940களுக்கும் இடைப்பட்டவை. ஐராவதியின் நெல்விலை ஏறியபோது காரைக்குடியில் முகப்புகள் உயர்ந்தன. வருவாய் நின்றபின் புதிய கட்டடங்கள் அருகின. சென்னை மாகாணத்தில் 1938இல் இராஜாஜி அரசு கொணர்ந்த உழவர் கடன் நிவாரணச் சட்டம் உள்ளூர்க் கடன்களின் வட்டியையும் குறைத்ததால், திரும்பி வந்த முதலுக்குப் பழைய தொழில் இங்கும் வாய்ப்பாகவில்லை. முதல் வேறு திசைகளில் சென்றது. 1937 பிப்ரவரியில் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. பர்மா இந்தியாவிலிருந்து பிரிய அப்போது இரண்டு மாதங்கள்கூட இல்லை.

போருக்குப் பின் பேரேடுகளோடு திரும்பிச் சென்றோர் பழைய உரிமைகளை மீட்க முயன்றனர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது. விலை குறித்து எழுதப்படாதிருந்த இழப்பு, பதினெட்டு ஆண்டுகள் கழித்து, இச்சட்டத்தின் வாயிலாக ஒரே தரப்பின் கணக்கில் எழுதப்பட்டது. செட்டிநாட்டில் எஞ்சிய வீடுகளோ பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. ஒவ்வோர் ஆண் வாரிசுக்கும் உள்ள பங்கு தலைமுறைதோறும் பெருகியதால், பலவற்றை விற்கவும் இயலவில்லை, பேணவும் இயலவில்லை. தூணும் நிலையும் தனித்தனியே கழற்றப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தவை அவற்றுள் உண்டு.