நேசமணியும் நெய்யாற்றங்கரையும்

நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாரிலிருந்து களியக்காவிளை எல்லை நெடுந்தொலைவில் இல்லை. அந்த எல்லை அங்கே அமைந்த வரலாற்றில் முதன்மையாக நினைக்கத்தக்கவர் நாகர்கோவில் வழக்கறிஞர் அ. நேசமணி ஆவார்.

விளவங்கோடு வட்டம் பள்ளியாடியில் 1895-இல் பிறந்த அவர், திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, 1921-இல் நாகர்கோவிலில் தொழில் தொடங்கினார். அக்காலத்து நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்க்கு நாற்காலியும் ஏனையோர்க்கு முக்காலியும் இடப்பட்டிருந்தன என்றும், முதல் நாளிலேயே முக்காலியை உதைத்துத் தள்ளி நாற்காலியில் அமர்ந்தார் என்றும் கூறுவர். பின்னாளில் மக்கள் அவரை 'மார்ஷல்' என்றழைத்ததன் பொருத்தம் இதனாலேயே விளங்கும்.

1947-இல் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசில் சேர்ந்து அதன் தலைவரானார். 1952-இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றங்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகிய வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமென்பதே இயக்கத்தின் கோரிக்கை. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. அன்று ஆட்சியிலிருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய கட்சியினரான ராம் மனோகர் லோகியாவே அமைச்சரவை பதவி விலக வேண்டுமென்றார்.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு, 1955-இல் தெற்கு வட்டங்கள் நான்கையும் செங்கோட்டையையும் மட்டுமே பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீருமேடும் கிட்டவில்லை. அங்குள்ள தமிழர் தோட்ட வேலைக்கு வந்து குடியேறியவர்களே என்பது எதிர்த்தரப்பு வாதம். குடியேறியோர் சங்கமாகிய நாம் அவ்வாதத்தை எளிதில் மறத்தற்கில்லை. நெய்யாற்றங்கரையோ, மலையாளம் பேசுவோர் மிகுந்த வட்டம். வட்டத்தை முழுமையாக எண்ணுமிடத்துப் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் எண்ணிக்கை சிறுத்துப்போயிற்று. ஊர்வாரியாக எண்ணியிருப்பின் கோடு சற்றே விலகியிருக்கலாம் என்பது என் கருத்து. மொழி கலந்து வாழும் ஊர்களில் எக்கோடும் யாரையேனும் வெளியே நிறுத்தும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு இயக்கம் காங்கிரசோடு கலந்தது. நேசமணி 1962-லும் 1967-லும் மீண்டும் நாகர்கோவிலின் நாடாளுமன்ற உறுப்பினரானார். பதவியிலிருக்கும்போதே 1968 ஜூன் 1-இல் மறைந்தார். 1969-இல் அவ்விடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் நின்று வென்றவர் காமராசர்.