கிறித்தவக் கல்லூரியும் இயற்றமிழ் மாணவரும்

தாம்பரத்தில் அமைந்துள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி, தமிழில் எழுதுவோரும் தமிழ் கற்பிப்போரும் ஒன்றுகூடிய இடங்களுள் குறிப்பிடத்தக்கது. 1837-இல் சிறு பள்ளியாகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் நூறு ஆண்டுகள் பாரிமுனைப் பகுதியில் இயங்கி, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அதன் தமிழ்ப் பணிக்கு வலுவான அடித்தளம் பாரிமுனைக் காலத்திலேயே இடப்பட்டது.

ஆசிரியர்

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-இல் பிறந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், இக்கல்லூரியில் பயின்று 1892-இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அப்போது முதல்வராக இருந்தவர் வில்லியம் மில்லர். தத்துவத் துறையில் பணி கிடைக்கும் வாய்ப்பு இருந்தும், சாஸ்திரியார் தமிழாசிரியர் பணியையே விரும்பி ஏற்றார். ஆங்கிலம் கற்பிப்போருக்கு இருந்த மதிப்பு தமிழ் கற்பிப்போருக்கு இல்லாத காலம் அது.

கூடிப் படித்தவர்கள்

கல்லூரியில் 'திராவிட பாஷா சங்கம்' என்னும் தமிழ்ச் சங்கத்தை அவர் நிறுவினார். ஆர்வமுள்ள மாணவர்களுக்குத் தம் இல்லத்திலும் ஊதியமின்றி இலக்கண இலக்கியங்களைக் கற்பித்தார். அவர்களை 'இயற்றமிழ் மாணவர்' என்று அழைத்தார்.

அதே கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் மு. சி. பூர்ணலிங்கம் பிள்ளை 1897-இல் தொடங்கிய 'ஞானபோதினி' இதழில் சாஸ்திரியாரும் துணை நின்றார். ஆங்கிலப் பதினான்கடிப் பாட்டின் வடிவைத் தமிழுக்குக் கொணர்ந்த அவருடைய பாடல்கள் அதில் வெளிவந்தன. பின்னர் அவை 'தனிப்பாசுரத் தொகை' என நூலாயின. தம் பெயரால் அன்றி நூலின் தரத்தாலேயே அது மதிக்கப்பட வேண்டும் என்று கருதி, 'பரிதிமாற் கலைஞர்' என்னும் புனைபெயரில் அதை வெளியிட்டார். 'சூரியநாராயண சாஸ்திரி' என்பதன் தமிழ் வடிவமே அப்பெயர். அப்பாடல்களை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1902: பாடத்திட்டச் சிக்கல்

1902-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கி, அவ்விடத்தில் வடமொழியை வைக்கும் முயற்சி எழுந்தது. அது நிறைவேறியிருந்தால் கல்லூரிகளில் தமிழ் கற்போரும் கற்பிப்போரும் அருகியிருப்பர். வடமொழியிலும் புலமை பெற்றிருந்த சாஸ்திரியார், பூர்ணலிங்கம் பிள்ளையுடன் பல்கலைக்கழக உறுப்பினர்களை நேரில் சந்தித்துத் தமிழின் சிறப்பை எடுத்துரைத்தார். அதன் பயனாக அத்திட்டம் கைவிடப்பட்டது என அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

பின்விளைவு

'தமிழ்மொழியின் வரலாறு' என்னும் நூலில், தமிழ் 'உயர்தனிச் செம்மொழி' என்பதை அவர் காரணங்களுடன் நிறுவினார். 1903 நவம்பர் 2-இல் காசநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 33. இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது 2004-இல். இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள். அவர் தலைமையேற்று நடத்திய தமிழ்த் துறை இன்று தாம்பரம் வளாகத்தில் தொடர்ந்து இயங்கிவருகிறது.