அருவியும் கழிமுகமும்



ஓர் ஊருக்கு ஒரே ஒரு முறை செல்பவர் அதன் அழகைக் கண்டு மகிழ்ந்து திரும்புகிறார். அதே ஊருக்கு ஆண்டுகள் பல கடந்தும் மீண்டும் மீண்டும் செல்பவரோ அதன் வரலாற்றையும் காண நேர்கிறது. நான் அவ்வாறு பல முறை சென்று வந்த இடங்கள் இரண்டு. ஒன்று, கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவி. மற்றொன்று, அவ்வருவியின் நீர் கடலோடு கலக்கும் தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரை. இரண்டும் ஒரே ஆற்றின் கதை என்பதால் அவற்றைச் சேர்த்தே சொல்லுகிறேன்.

மலையில் பிறந்து வரும் கோதையாறு திற்பரப்பில் ஏறத்தாழ ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. பின்னர்ப் பறளியாற்றோடு கூடி, குழித்துறைத் தாமிரபரணி என்று பெயர் பெற்று, தேங்காய்ப்பட்டணத்தருகே அரபிக்கடலை அடைகிறது. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு.

1960-ஆம் ஆண்டு, எட்டு வயதுச் சிறுவனாக, முதன்முதலில் அங்கே சென்றேன். என் தாய்மாமன் வீடு திற்பரப்பில் இருந்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தாய்த் தமிழகத்தோடு இணைந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. குலசேகரத்தில் பேருந்தை விட்டு இறங்கி நடந்தோம். அருவியின் ஓசை முதலில் கேட்டது. அடுத்து மகாதேவர் கோயில் மணியோசை கேட்டது. சிவராத்திரியன்று பனையோலை விசிறியும் கையுமாக, ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்கியவாறு அடியார்கள் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுவார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்தில் மூன்றாவது கோயில் அதுதான்.

மறுநாள் மாமா என்னைத் தேங்காய்ப்பட்டணத்துக்கு அழைத்துச் சென்றார். அது பழமையான வாணிகத் துறை. பழைய பள்ளிவாசலும் அங்கு உண்டு. என் மனத்தில் நின்றதோ மணல்தான். ஓடி ஓடிக் கால் ஓயும் அளவுக்கு மணல் விரிந்து கிடந்தது. கட்டுமரங்கள் அதன்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. ஆண்களும் சிறுவர்களும் இரு வரிசையாக நின்று கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு நானும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கூலியாக இரண்டு சாளை மீன் கிடைத்தது.

“என்றைக்கும் இவ்வருவி இப்படியே இருக்குமா, மாமா?” என்று அன்றிரவு கேட்டேன். அவர் சிரித்தார். “மருமகனே, நீ கண்ட அருவியை என் பாட்டனார் தம் இளமையில் கண்டதில்லை. அவர் கண்டது வேறு அருவி,” என்றார்.

இம்மறுமொழியின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையின் வேலை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிவுற்றது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மூலம் திருநாள் மகாராஜா. அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்பவரை மக்கள் மூக்கன் துரை என்று அழைத்தார்கள். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் கொடுத்த அணை அது. அதனால் நிரம்பிய பத்தாயங்கள் எத்தனையோ! ஆயினும் அன்று முதல் திற்பரப்பில் விழும் நீர், வானத்தின் மனத்தை மட்டுமன்றி மதகின் மனத்தையும் பொறுத்ததாயிற்று. இன்றும் அணையிலிருந்து உபரி நீர் திறந்துவிடப்பட்டால், அருவியில் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். இயற்கையின் மாறாத காட்சி என்று நான் சிறுவயதில் எண்ணியது, நான் பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே மனிதன் கைபட்டு மாறிய காட்சியே ஆகும்.

1982-இல் சென்றபோது, வழியில் வயல்கள் இருந்த பள்ளங்கள் சிலவற்றில் ரப்பர் மரங்கள் நின்றன. மரந்தோறும் கட்டிய சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. நெல்லைவிட ரப்பர் கைக்குப் பணம் தந்தது. உழவரைக் குறை கூற யாரால் இயலும்? அருவிக்கு மேலே, வயல்களுக்கு நீர் திருப்புவதற்கென்று பாறைப் படுகையில் எழுப்பிய தடுப்பணை மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்று அத்தடுப்பணையில் தேங்கிய நீரில் உல்லாசப் படகுகள் செல்கின்றன. அருவியடியில் கம்பித் தடுப்புகளும், சிறுவர் நீச்சல் குளமும், நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் இடமும் வந்துவிட்டன.

கடற்கரையின் மாற்றமோ இவ்வளவு இனிமையானதன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களைச் சூறையாடியது. அடுத்த ஆண்டு நான் சென்றபோது, மாவட்டத்தின் கரையெங்கும் கருங்கல் சுவர்களையே பெரிதும் கண்டேன். 2017 நவம்பர் 30-இல் வீசிய ஒக்கிப் புயல் ஆற்றின் இரு முனைகளையும் ஒருங்கே தாக்கியது. மலையடியில் ரப்பர் மரங்கள் முறிந்து சாய்ந்தன. கடலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர் பலர் மாண்டனர். கழிமுகத்தில் இன்று மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. படகுகளுக்குப் புகலிடமாக அமைந்தது அது. எனினும் அதன் வாயிலில் மணல் திரண்டு, படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போனதும் உண்டு.

கடற்கரை மணல் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மலையிலிருந்து ஆறு சுமந்து வருவதே. அணை அதை வழியில் நிறுத்துகிறது. வீடு கட்ட நாம் ஆற்றிலிருந்து அள்ளுகிறோம். எஞ்சியது கடலை அடைந்து கரையோரமாக நகரும்போது, கடலுக்குள் நீட்டிய கல்லணைகள் அதனை மறிக்கின்றன. ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கம் கரை அரிக்கிறது. எகிப்து நாட்டில் நைல் நதியின் அசுவான் பேரணை 1970-இல் நிறைவுற்றதும் வண்டல் தடைப்பட்டு, கழிமுகக் கரையைக் கடல் விரைந்து அரித்தது. அங்கே நடந்ததற்கும் இங்கே நடப்பதற்கும் அளவில் வேற்றுமை உண்டு. இயல்பில் வேற்றுமை இல்லை.

அண்மையில் அக்கரையில் நின்று, “எவ்வளவு மணல் இருந்தது இங்கே!” என்று பெருமூச்சு விட்டேன். அருகில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் தலைநிமிர்ந்து, “ஐயா, உங்களுக்கு மணல்தான் போயிற்று, எங்களுக்கு வீடு போயிற்று,” என்றார். சிறிது நேரங்கழித்து, “இத்தனை ஆண்டாக வருகிறீர்களே, அந்தக் காலத்தில் கரை எதுவரை இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? கேட்கிறவர்களுக்குக் காட்டலாமே,” என்றார்.

நான் எழுதி வைக்கவில்லை. இரண்டு சாளை மீன் நினைவிருக்கிறது. மணலின் அகலம் எத்தனை அடி என்பது நினைவில் இல்லை. வரலாறு கற்ற நான், என் கண்முன் நிகழ்ந்த வரலாற்றுக்குச் சான்றாக நிற்க இயலாமல் தலைகுனிந்தேன்.

மாணவ நண்பர்களே! மாற்றம் கூடாதென்று நான் கூறவில்லை. அணை வேண்டும், துறைமுகமும் வேண்டும். ஆனால் எந்த மாற்றத்தால் யார் பெற்றார், யார் இழந்தார் என்னும் கணக்கு வேண்டுமல்லவா? உங்கள் ஊர் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ ஆண்டுதோறும் ஒரே நாளில் செல்லுங்கள். அசையாத பாறை ஒன்றையோ கோயிற் சுவரையோ அடையாளமாகக் கொண்டு, நீர் அதிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று அளந்து, தேதியிட்டு எழுதுங்கள். முதியவர்களைக் கேட்டு அவர்கள் சொல்வதையும் அதனருகே குறியுங்கள். நாளை வலை பின்னும் ஒருவர் உங்களிடம் அதே கேள்வியைக் கேட்கும்போது, உங்கள் கையில் விடை இருக்கட்டும்.