வட்டியும் அறநெறியும்

அறநெறி எல்லாக் காலத்துக்கும் பொதுவானதா, சமூகத்தோடு மாறுவதா என்ற பழைய வழக்கில் வட்டியின் வரலாறு ஒரு முக்கியமான சான்று. வங்கியில் வைப்பு வைத்து வட்டி பெறுபவரை இன்று பெரும்பாலான சமூகங்கள் பாவி என்பதில்லை. ஆனால் 1179-இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்தவர்களுக்கு நற்கருணையையும் கிறித்தவ அடக்கத்தையும் மறுத்தது. 1311-12-இல் நடந்த வியன் பொதுச்சங்கம் ஒரு படி மேலே போய், வட்டி பாவமல்ல என்று பிடிவாதமாகச் சொல்வதையே சமயப் பிறழ்வாக்கியது. அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் அருகருகே வைத்தால் அறம் தலைகீழாகிவிட்டதாகவே தோன்றும். தடை எதன்மேல் நின்றது, எப்படித் தளர்ந்தது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மாறியது பெரும்பாலும் பணத்தைப் பற்றிய புரிதல்தான். பிறர் இல்லாமையில் ஆதாயம் தேடுவது இழிவு என்ற மதிப்பீடு அவ்வளவாக மாறவில்லை.

பணம் பரிமாற்றத்துக்கான கருவி, அது குட்டி போடாது என்பது அரிஸ்டாட்டிலின் வாதம். இடைக்கால இறையியலாளர்கள் அதை ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. அவர்கள் மனதில் இருந்த கடனாளி, விளைச்சல் பொய்த்து விதைக்கும் சோற்றுக்கும் கையேந்திய உழவன். இத்தாலிய நகரங்களில் வணிகம் பெருகியபோது, கடல் கடந்த சரக்கில் லாபம் பார்க்கவும் கடன் வாங்கினார்கள். கொடுத்தவர் அந்தப் பணத்தால் ஈட்டியிருக்கக்கூடிய லாபத்தை இழக்கிறார், அதற்கு ஈடு கேட்பது நியாயம் என்று இறையியலாளர்கள் சிலரே வாதிடத் தொடங்கினர். 1462-இல் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகு நிலையம் பிறந்தது. செலவுக்காக அது வாங்கிய சிறு கட்டணமும் வட்டியே என்று டொமினிக்கன் துறவிகள் சிலர் எதிர்த்தனர். 1515-இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் கட்டணத்தை ஏற்றது. வட்டியை அனுமதித்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினும் ஏழையிடம் வாங்கக் கூடாது என்றார். இங்கிலாந்து 1545-இல் பத்து விழுக்காடு வரை அனுமதித்து, 1552-இல் முழுவதும் தடுத்து, 1571-இல் மீண்டும் வழிவிட்டது. உச்சவரம்புகள் அங்கே முற்றாக நீங்கியது 1854-இல்.

வணிகர் கை ஓங்கியது, அறமும் அவர்கள் பக்கம் சாய்ந்தது. இதில் நியாயம் தேடுவானேன் என்று கேட்கலாம். வணிகரின் அழுத்தம் உண்மைதான். ஆனால் இழப்புக்கு ஈடு என்ற வாதம் வணிகக் கடனுக்கு வாசலைத் திறந்தபோதும், ஏழையைக் கசக்கும் கடனுக்கு அதே எளிமையில் திறக்கவில்லை. வெறும் செல்வாக்குதான் காரணம் என்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விவிலியத்தின் உபாகமம், சகோதரனிடம் வட்டி வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம் என்கிறது. மனுஸ்மிருதி மாத வட்டியை வருண வரிசையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஏற்றி, கீழே வைக்கப்பட்டவர் மேல் பெரிய சுமையைப் போடுகிறது. சுரண்டல் தவறு என்று எங்கும் சொன்னார்கள்; யாரைச் சுரண்டுவது தவறு என்பதில்தான் ஒன்றுபடவில்லை. அறநெறி மாறுகிறது என்போரின் கட்சி உண்மையில் பலம்பெறுவது இங்கேதான். சுரண்டக் கூடாதவர்களின் வட்டம் விரிந்ததை வெறும் பொருளியல் அறிவின் வளர்ச்சி என்று தள்ளிவிட முடியாது.

தடையே எங்கும் தொடக்கநிலை என்றும் கொள்ள வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, கோயிலுக்கு அளித்த காசை ஊர்ச் சபைகள் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி, செலுத்தின. அந்த வட்டி அறக்கட்டளையின் வருவாயாகவே எண்ணப்பட்டது. மறுபுறம், இஸ்லாம் ரிபா எனும் வட்டியை விலக்குவதால், 1975-இல் தொடங்கிய துபாய் இஸ்லாமிய வங்கி போன்றவை லாப நட்டத்தில் பங்கேற்கும் முறைகளைக் கையாள்கின்றன. வங்கி வட்டியை இயல்பாக ஏற்கும் தமிழ்நாட்டிலும் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைக் குற்றமாக்கி 2003-இல் சட்டம் வந்தது. ஆனால் அங்கேயே அடகுக்கடை உரிமம் பெற்று நடக்கிறது.